கையால் ஒரு கடிதம்: எழுதுவதிலிருந்து பெட்டியில் போடுவது வரை

எட்டு வருடங்களுக்கு முன்பு என் சித்தப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. அதுவரை வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் அந்தப் பேச்சு கத்தலாக மாறியது. "நல்லா இருக்கீங்களா சித்தப்பா?" என்று நான் மூன்று முறை கத்துவேன், "யாரு?" என்று அவர் கேட்பார். வைக்கும்போது இரண்டு பேருக்கும் களைப்புதான் மிச்சம். செல்பேசியில் செய்தி அனுப்பினால் படிக்க மாட்டார். திரையில் எழுத்து வழுக்குகிறது என்பார். வாழ்நாள் முழுக்க அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தவர் அவர். காகிதத்தில் இருந்தால்தான் அவருக்கு அது எழுத்து. ஒரு நாள் உட்கார்ந்து அவருக்குக் கடிதம் எழுதினேன். பள்ளி நாட்களுக்குப் பிறகு நான் எழுதிய முதல் கடிதம் அதுதான்.

இப்போது அவருக்கு எழுதியவை மட்டும் 140ஐத் தாண்டிவிட்டன. வேறு நான்கு பேருக்கும் எழுதுகிறேன். எழுத ஆசைப்பட்டு, காகிதத்தை எடுத்து வைத்து, பத்து நிமிடத்தில் மூடிவிடுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே நிறைய பேர். அவர்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஓர் ஆள் போதும். "பழைய நண்பர்கள் எல்லோருக்கும் எழுதப் போகிறேன்" என்று கிளம்பினால் மூன்றாவது கடிதத்தில் அது வேலையாகிவிடும். கண்ணை மூடினால் யாருடைய முகமும் குரலும் உடனே வருகிறதோ, அவருக்கு எழுதுங்கள். அவர் தூர தேசத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. நான் எழுதும் நால்வரில் ஒருத்தி அரை மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறாள். நேரில் பார்க்கும்போது பேசாதவற்றை எங்கள் கடிதங்கள் பேசுகின்றன.

தாளும் பேனாவும்

அழகான கடிதத் தாள் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம். முதல் கடிதம் தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் இந்தத் தேடல்தான் காரணம். அச்சுப்பொறியில் போடும் சாதாரண ஏ4 தாளே போதும். அதைப் பாதியாக வெட்டினால் ஏ5. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏ5தான் என் சிபாரிசு. பக்கம் சீக்கிரம் நிரம்பும். முதல் பக்கம் நிரம்பிவிட்டால் கைக்கு ஒரு தைரியம் வரும், இரண்டாம் பக்கத்தை அது தானாகத் திருப்பும்.

கோடு போடாத தாளில் வரிகள் சரிந்து போகின்றன என்றால், வேறொரு தாளில் கறுப்பாகக் கோடுகள் போட்டு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். என் அடித்தாளின் கோடுகளுக்கு நடுவே 12 மில்லிமீட்டர் இடைவெளி. முதலில் 8 வைத்திருந்தேன். "வரிக்கு வரி மூச்சு விட இடம் கொடம்மா" என்று சித்தப்பா எழுதிய பிறகு மாற்றினேன். அவர் கண்ணுக்கு எந்த இடைவெளி வசதி என்று அவருக்குத்தானே தெரியும். இந்தத் தாராளம் ஒரு காலத்தில் யாருக்கும் கட்டுப்படியாகாத ஒன்று. 1840ல் பிரிட்டனில் முதல் ஒட்டும் தபால்தலை வருவதற்கு முன்பு அங்கே தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கட்டணம் போட்டார்கள். உறையே இன்னொரு தாளாகக் கணக்கில் வந்துவிடும். அதனால் உறையில்லாமல் கடிதத்தையே மடித்து ஒட்டினார்கள். ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும் தாளைக் குறுக்கே திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே மறுபடி எழுதினார்கள். அதைப் படித்தவர்களின் கண்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. ஓரமும் விடுங்கள், இடையும் விடுங்கள்.

பேனா விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். மைப் பேனா எனக்கு மிகவும் பிடிக்கும். அழுத்தாமலே எழுதும், கை வலிக்காது. ஆனால் வழக்கமான நீல மையில் இருப்பது தண்ணீரில் கரையும் சாயம். ஒரு மழைக்காலத்தில் நான் அந்த மையால் விலாசம் எழுதிய உறை ஒன்று, முன்பக்கம் முழுக்க நீலக் குளமாகி என் வீட்டுக்கே திரும்பி வந்தது. பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்த என் விலாசம் மட்டும் ஓர் எழுத்து அழியாமல் அப்படியே இருந்தது. பால்பாயின்ட் மை எண்ணெய்ப் பசை போன்றது, தண்ணீருக்கு அசையாது. அச்சு மை எவ்வளவு சீக்கிரம் உலர்கிறது என்பதைக் கவனித்துத்தான் ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பிரோ அந்தப் பேனாவை உருவாக்கப் புறப்பட்டார், 1938ல் காப்புரிமை பெற்றார். சித்தப்பா இதைச் சொல்லும்போது அச்சகத்துக்கே கிடைத்த பெருமை மாதிரி சொல்லுவார். உள்ளே எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள். உறையின் மேல் பால்பாயின்ட், அல்லது தண்ணீரில் கரையாத நிறமி மை.

ஒரு பேனாவை மட்டும் தொடாதீர்கள். ரப்பரால் தேய்த்தால் அழியும் ஜெல் பேனா. அதில் அழிப்பது உரசலின் சூடு. சுமார் 60 டிகிரியில் அந்த மை நிறமற்றுப் போகும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கிடந்தாலே வெற்றுத் தாளாகிவிடக்கூடிய ஒன்றை நம்பி ஒருவருக்கு மனதை எழுதி அனுப்பக் கூடாது.

என்ன எழுதுவது

இங்கேதான் எல்லோரும் நிற்கிறோம். நானும் நின்றேன். "அன்புள்ள சித்தப்பாவுக்கு, நலம். நலமறிய ஆவல்" என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். (அந்த வரியைப் பழசு என்று தள்ளிவிடாதீர்கள். பேனா ஓடத் தொடங்க அதைவிட நல்ல வாசல் தமிழில் இல்லை.) சொல்ல வேண்டிய செய்தியெல்லாம் ஏற்கெனவே யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்கள். யாருக்குத் திருமணம், யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாமே கடிதத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அப்புறம் எனக்கென்று என்ன மிச்சம்?

ஜன்னலுக்கு வெளியே ஓர் அணில், காயப் போட்டிருந்த தரை துடைக்கும் துணியிலிருந்து நூல் நூலாகப் பிய்த்துக்கொண்டு போனது. எங்கே கொண்டுபோகிறது என்று பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்புறப் பகுதிக்குப் பின்னால் கூடு கட்டிக்கொண்டிருந்தது. அதை எழுதினேன். எத்தனை முறை வந்தது, எப்படி வாயில் நூலைச் சுருட்டி உருண்டையாக்கியது, ஒருமுறை நூல் காலில் சிக்கியதும் என்ன செய்தது என்று ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. இவ்வளவு அற்பமான கடிதமா என்று சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒட்டி அனுப்பிவிட்டேன்.

பதினோரு நாட்கள் கழித்துப் பதில் வந்தது. முதல் வரியே, "அணில் குட்டி போட்டதா?"

அன்றிலிருந்து நான் பின்பற்றுவது இதுதான். எழுத உட்காரும்போது தேதியோடு நேரத்தையும் இடத்தையும் எழுதுகிறேன்: "புதன், காலை 6.20, பின்கட்டுப் படிக்கட்டு." அடுத்து, கண்ணெதிரே இருப்பதைச் சொல்கிறேன். பத்து விஷயங்களை ஒவ்வொரு வரியாகச் சொல்வதைவிட ஒரே விஷயத்தைப் பத்து வரி சொன்னால் படிப்பவர் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். "வேலை அதிகம், வெயில் தாங்கவில்லை, எல்லோரும் நலம்" என்பதில் அவர் உட்கார இடமே இல்லை. கடிதத்தில் நாம் அனுப்புவது செய்தி என்று நினைக்கும்வரை எழுதுவது கஷ்டம். நாம் இருக்கும் இடத்தை அனுப்புகிறோம் என்று வைத்துக்கொண்டால் எழுத எப்போதும் ஏதாவது இருக்கும்.

கேள்வி ஒன்றாவது இருக்கட்டும். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "நலம்" என்றுதான் பதில் வரும். ஒன்பதாவது கடிதத்தில், "ஒரு பக்கம் கோக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் சித்தப்பா?" என்று கேட்டிருந்தேன். நான்கு பக்கம் எழுதினார். ஈய எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருக்கும், அதை அப்படியே படிக்கப் பழகியது. 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததும் துதிக்கைபோல் சுருண்ட பழைய லை, னை எழுத்துகள் எழுத்துப் பெட்டியின் அறைகளிலிருந்து வெளியேறியது. கை மட்டும் பல நாட்களுக்குப் பழக்கதோஷத்தில் அந்தப் பழைய அறைகளுக்கே போய் நின்றது. நாற்பது வருடம் பழகிய சித்தப்பாவிடம் இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. கேட்டதால் கிடைத்தது.

எழுத்துப் பிழை வந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போங்கள். நல்ல பிரதி எடுக்கிறேன் என்று உட்காராதீர்கள். நகலெடுத்த கடிதத்தில் பேச்சின் சூடு போய்விடும். கையெழுத்து அழகாக இல்லையே என்ற கவலையும் வேண்டாம், படிக்க முடிந்தால் போதும். எனக்கு எழுதும் தோழியின் கையெழுத்து வாரக் கடைசியில் ஒரு மாதிரி, வேலை நாளில் வேறு மாதிரி. எந்த அலுப்பில் எழுதியிருக்கிறாள் என்று படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

சொல்ல முடியாததை வரைந்துவிடலாம். வின்சென்ட் வான்கோ தன் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களில், தான் தீட்டிக்கொண்டிருக்கும் ஓவியம் எப்படி வருகிறது என்று வரிகளுக்கு நடுவிலேயே கோட்டுப்படம் போட்டுக் காட்டுவார். நமக்கு அந்தக் கை வேண்டியதில்லை. அணில் கூடு எந்த மூலையில் இருக்கிறது என்று காட்ட நான் போட்ட படத்தில் ஒரு சதுரமும் அம்புக்குறியும் மட்டும்தான் இருந்தன.

துக்கம் விசாரித்து எழுதுவது மட்டும் வேறு கணக்கு. அதற்கு முதலில் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்கமாக இருக்கட்டும். இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். அவரைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு நினைவை எழுதுங்கள். "பதில் எழுத வேண்டியதில்லை" என்று முடியுங்கள். தோழியின் அம்மா போனபோது, அவர் எனக்குப் பின்னல் ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மத்தியானத்தை ஆறு வரியில் எழுதினேன். அந்தக் கடிதத்தை இன்னும் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள்.

முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதுவதென்றால், யார் நீங்கள், எதற்காக எழுதுகிறீர்கள் என்பது முதல் வரிகளிலேயே தெரிய வேண்டும். 1913 ஜனவரி 16 தேதியிட்டு இராமானுஜன் கணித மேதை ஹார்டிக்கு எழுதிய கடிதம் அப்படித்தான் தொடங்குகிறது. தான் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தர், ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று சொல்லிவிட்டு நேராகக் கணக்குக்குப் போய்விடுகிறார். பிப்ரவரி 8ஆம் தேதி ஹார்டி பதில் எழுதினார்.

உறை, விலாசம், எடை

ஏ4 தாளை மூன்றாக மடித்தால் 110க்கு 220 மில்லிமீட்டர் நீள உறைக்குள் போகும், கடையில் டிஎல் என்று கேளுங்கள். ஏ5 தாளை ஒரு மடிப்பு மடித்தால் சி6 உறை, 114க்கு 162. மடிப்பை நகத்தால் நன்றாக அழுத்திவிடுங்கள், உறை புடைக்காது.

எடையைத் தராசு இல்லாமலே கணக்கிடலாம். 80 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம். அதில் 16 ஏ4 தாள்கள் அடக்கம். ஆக ஒரு தாள் 5 கிராம். மூன்று தாளும் ஓர் உறையும் சேர்ந்தால் 20 கிராமை நெருங்கிவிடும். பல நாடுகளில் முதல் கட்டணப் படி 20 கிராமோடு முடிகிறது. நாலாவது தாளுக்குக் கை போனால் தபால் நிலையத்தில் ஒருமுறை எடை போட்டுவிடுங்கள். தபால்தலை குறைந்தால் கூடுதல் காசு கேட்டு, பெறுபவரின் கதவைத் தட்டுவார்கள். நம் கடிதம் அப்படிப் போய் நிற்கக் கூடாது.

தலை வலது மேல் மூலையில். விலாசம் நடுவிலிருந்து சற்றுக் கீழே, வலப்பக்கமாக. அனுப்புநர் விலாசம் இடது மேல் மூலையிலோ பின்பக்கத்திலோ. இதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள், என் நீலக் குளம் வீடு திரும்பியது அதனால்தான். அஞ்சல் குறியீட்டு எண்ணின் ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாக, சேர்த்து எழுதாமல் எழுதுங்கள். பல இடங்களில் விலாசத்தைப் படித்துப் பிரிப்பது இயந்திரம். விலாசத்துக்குக் கீழே உறையின் அடி ஓரத்தில் அது தன் பட்டைக்குறியை அச்சிடும் என்பதால் அங்கே பூவோ வாசகமோ வேண்டாம். உள்ளே கிளிப்போ நாணயமோ வைத்தால் அதே இயந்திரத்தில் மாட்டிக் கிழியும். காய்ந்த இலை, இறகு, புகைப்படம் போன்ற தட்டையான பொருள்களால் தொல்லை இல்லை. வெளிநாட்டுக்கென்றால் இலையையும் விதையையும் விட்டுவிடுங்கள், எல்லையில் தடுக்கலாம்.

வெளிநாட்டுக் கடிதத்தில் நாட்டின் பெயர் கடைசி வரியில், பெரிய எழுத்தில், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும். விமான அஞ்சல் வில்லையில் 'பார் அவியோன்' என்று பிரெஞ்சு எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1874 அக்டோபர் 9ஆம் தேதி பெர்ன் நகரில் தொடங்கப்பட்ட அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தின் அலுவல் மொழி பிரெஞ்சு என்பதால் வந்தது அது. இங்கே நாம் ஒட்டும் ஒரு தலையை உலகத்தின் மறுகோடியில் இருக்கும் தபால்காரரும் மதித்து வீடுவரை கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் நிறைகிறது.

பெட்டியில் போடுவதற்கு முன்பு, அதில் எழுதியிருக்கும் கடைசி எடுப்பு நேரத்தைப் பாருங்கள். அதற்கு அரை மணி முன்னால் போட்டுவிட்டு நடந்து திரும்பும் அந்தக் கொஞ்ச தூரம் எனக்குக் கடிதத்தின் ஒரு பகுதி.

பதில் வந்த பிறகு

வந்த கடிதத்தை உடனே ஒருமுறை படியுங்கள். பதில் எழுத உட்காரும் நாளில் பென்சிலோடு இன்னொரு முறை. அவர் கேட்டதற்கெல்லாம் ஓரத்தில் சின்னக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதலில் அவற்றுக்குப் பதில், பிறகு உங்கள் கதை. கேட்டது காற்றில் போகவில்லை என்று தெரிந்தால்தான் மறுபடி கேட்கத் தோன்றும்.

கடிதங்களுக்கு எண் கொடுங்கள். மேல் மூலையில் சிறியதாக 23, 24 என்று. ஒன்று வழியில் தாமதித்து அடுத்தது முந்திக்கொண்டால் எது முதல் என்று குழம்பாது. ஒன்று தொலைந்தாலும் தெரிந்துவிடும். என்னிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. எண், தேதி, என்ன எழுதினேன் என்று இரண்டு சொல். "31, மார்ச் 4, கிணற்று மோட்டார்." ஒரே கதையை ஒருவருக்கு இரண்டு முறை சொல்லாமல் இருக்க இது போதும்.

பதில் வரவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள். "ஏன் எழுதவில்லை" என்ற கேள்வியை மட்டும் எழுதாதீர்கள். அதைப் படிப்பவருக்குக் குற்ற உணர்ச்சி வரும், பேனாவை எடுப்பது இன்னும் கஷ்டமாகும்.

வந்தவற்றை வீசிவிடாமல் வெயில் படாத, ஈரமில்லாத பெட்டியில் வையுங்கள். வான்கோ எழுதியவற்றில் 800க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் தனக்கு வந்தவற்றைத் தியோ பத்திரப்படுத்தினார், அவர் மனைவி யோகன்னா 1914ல் அவற்றைப் பதிப்பித்தார். வான்கோவுக்கு மற்றவர்கள் எழுதியவையோ நூறுகூடத் தேறவில்லை. ஒரு கடிதம் மிஞ்சுவது அதைப் பெற்றவர் கையில் இருக்கிறது.

சித்தப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. போன வருடம் அவருடைய கடிதங்கள் இரண்டு பக்கத்திலிருந்து ஒரு பக்கமாயின, பிறகு அரைப் பக்கம். எழுத்துகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அதனால் இப்போதெல்லாம் என் கடிதத்தோடு ஓர் அட்டையும் வைக்கிறேன். 20 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு கோடுகள் போட்டு, மறுபக்கம் என் விலாசம் எழுதி, தலையும் ஒட்டி. தடித்த முனை உள்ள பேனா ஒன்றை முதல் தடவை பார்சலில் அனுப்பிவைத்தேன். அவர் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னால் போதும். உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் இதைச் செய்து பாருங்கள்.

சென்ற மாதம் வந்த அட்டையில் மூன்று வரிகள் இருந்தன. முதல் வரி, "அம்மாடிக்கு, நலம்." இரண்டாவது, மழை பெய்வதாக. மூன்றாவது வரி அணிலைப் பற்றிய கேள்வி.